பரோடா மகாராணி சீதா தேவியோட நகையெல்லாம் இப்ப யார்கிட்ட இருக்கு? அந்த கொலுசு கதை நிஜமா?

கார்த்திகா_போரூர்

வணக்கம் மக்களே. நேத்து தூக்கம் வராம பழைய நகை ஏல வீடியோவா பார்த்துட்டு இருந்தேன், எலிசபெத் டெய்லர்ல ஆரம்பிச்சு வாலிஸ் சிம்ப்சன் (இங்கிலாந்து ராஜா எட்டாம் எட்வர்ட் சிம்மாசனத்தையே விட்டுட்டு கட்டிக்கிட்டாரே, அவங்க) வந்து அங்கேர்ந்து தாவி கடைசில பரோடா மகாராணி சீதா தேவின்னு ஒருத்தங்ககிட்ட வந்து நின்னுட்டேன். அவங்கள "இந்தியாவோட வாலிஸ் சிம்ப்சன்"னு சொல்றாங்க. பொறந்தது நம்ம மெட்ராஸ்லயாம்! இத்தன வருஷமா இங்கயே இருக்கேன், ஒருத்தரும் இவங்க பேர சொல்லி கேட்டதே இல்ல.

என் கேள்வி இதுதான். அவங்க கொலுச ஹாரி வின்ஸ்டன்ங்கற அமெரிக்க நகை வியாபாரி வாங்கி நெக்லஸா மாத்தி வாலிஸ் சிம்ப்சனுக்கே வித்தாராமே, அத ஒரு பார்ட்டில சீதா தேவி பார்த்துட்டு "இது என் கால்ல கிடந்தது"ன்னு சொன்னாங்களாமே, அது நிஜமா இல்ல சும்மா அளக்கறாங்களா? அப்புறம் அவ்ளோ நகையும் எங்க போச்சு? வாலிஸோட ஒவ்வொரு நகைக்கும் தேதி, விலை, வாங்கினது யாருன்னு எல்லாம் கிடைக்குது, இவங்களோடது தேடினா நாலஞ்சு ஐட்டத்துக்கு மேல ஒண்ணும் சிக்கல. தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

பழையபேப்பர்_பரசு

நல்ல கேள்வி மேடம். முதல்ல ஆள பத்தி சொல்லிடறேன், அது தெரியாம நகை கதை புரியாது.

1917ல மெட்ராஸ்ல பொறந்தாங்க, அப்பா பிட்டாபுரம் ராஜா. தெலுங்கு சமஸ்தானம், காக்கிநாடா பக்கம், ஆனா அந்தக் காலத்துல ஆந்திர ஜமீன்தார் எல்லாருக்கும் மெட்ராஸ்ல ஒரு பங்களா, ஒரு சீசன், ஒரு ரேஸ் கிளப்புன்னு ஓடிட்டு இருந்தது. முதல் கல்யாணம் உய்யூரு ஜமீன்தார் அப்பாராவோட, ஒரு பையனும் இருந்தான். 1943ல மெட்ராஸ் குதிரைப் பந்தயத்துலதான் பரோடா மகாராஜா பிரதாப்சிங் கெய்க்வாட பார்த்தாங்க. அவரு அப்ப உலகத்துலயே பெரிய பணக்காரங்க வரிசையில இருந்த மனுஷன், ஏற்கனவே கல்யாணமாகி எட்டு புள்ளைங்க.

இப்ப சிக்கல் என்னன்னா இந்து கல்யாணத்த அப்ப ரத்து பண்ண வழியே கிடையாது. வக்கீலுங்கள வச்சு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, இவங்க முஸ்லிமா மாறுறது, கணவரையும் மாறச் சொல்றது, அவரு மாட்டேன்னா கல்யாணம் முறிஞ்சதுன்னு கோர்ட்டுல வாங்கறது. வாங்கிட்டாங்க. அப்புறம் ஆரிய சமாஜம் மூலமா திரும்ப இந்துவாகி அந்த வருஷ கடைசியிலயே மகாராஜாவ கட்டிக்கிட்டாங்க. பரோடாவுல ரெண்டாம் தாரம் கட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கேன்னு வெள்ளக்காரன் கேட்டதுக்கு, அது குடிமக்களுக்கு, ராஜாவுக்கு இல்லன்னு பதில் போச்சு! டெல்லில முணுமுணுத்துட்டு விட்டுட்டாங்க, ஆனா "ஹர் ஹைனஸ்" பட்டம் மட்டும் தரல. வாலிஸுக்கும் அந்தப் பட்டம் தரலங்கறது தெரியும்ல, பேர் ஒட்டினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

யுத்தம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஐரோப்பா சுத்திட்டு 1946ல மொனாக்கோல வீடு வாங்கிட்டாங்க. அம்மா அங்கயே தங்கிட்டாங்க, அய்யா போயி வந்துட்டு இருந்தாரு. போகும்போதெல்லாம் சும்மா போகல, பரோடா கஜானாலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நகையும் கூடவே போச்சு. 1949ல பரோடா பம்பாய் மாகாணத்தோட சேர்ந்துச்சு, கணக்கு பார்த்தப்போதான் எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுது, மகாராஜா கஜானாலேர்ந்து தனக்குத்தானே வட்டியில்லாக் கடன் வேற எடுத்துக்கிட்டிருக்காரு. 1951ல அவர இறக்கிட்டு மூத்த பையன் ஃபதேசிங்ராவ ஒக்கார வச்சாங்க. 1956ல இவங்க ரெண்டு பேருக்கும் விவாகரத்து. ஆனா அம்மா மகாராணிங்கற பட்டத்த விடவே இல்ல, கடைசி வரைக்கும்.

ரேஸ்கோர்ஸ்_மாமா

பரசு, குதிரைய விட்டுட்டியேப்பா. 1945ல ஒரு குதிரைக் குட்டிக்கு 28,000 கினி (இங்கிலாந்து பழைய பணக் கணக்கு) குடுத்தார் அந்த மகாராஜா, அப்ப அது ரெக்கார்டு. அதுக்கு சயாஜிராவ்னு பேரு, 1947ல செயின்ட் லெஜர்ங்கற பெரிய இங்கிலாந்து ரேஸ ஜெயிச்சுது. அடுத்த வருஷம் மை பாபுன்னு இன்னொண்ணு 2000 கினீஸ்ங்கற ரேஸ ஜெயிச்சுது. இங்கிலாந்துல நியூமார்க்கெட்ல வாரன் பிளேஸ் லாயமே வாங்கிட்டார். அஸ்காட் ரேஸ்ல இந்த அம்மா 30 காரட் நீலக்கல் மோதிரம் போட்டுண்டு வந்து, தொட்டுக்கோங்கோ ராசின்னு கைய நீட்டுவாளாம். தொட்டவன் ஜெயிச்சானான்னு யாரும் எழுதி வைக்கல.

பத்தர்வீட்டு_பையன்

அக்கா, கொலுசு மேட்டருக்கு நான் வரேன், எங்க வீட்ல மூணு தலைமுறையா கல்லு கட்டற வேலைதான்.

கொலுச வித்தது நிஜம். 1953ல ஹாரி வின்ஸ்டன் அவங்ககிட்டேர்ந்து வாங்கினது, மரகதமும் வைரமும் வச்ச ஜோடி. அதப் பிரிச்சு கழுத்துக்கு பண்ணி டச்சஸ் ஆஃப் விண்ட்சருக்கு குடுத்தாரு, அதாவது வாலிஸுக்கு. 1957ல நியூயார்க்ல ஒரு நடன விருந்து, டச்சஸ் அதப் போட்டுட்டு வராங்க, எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, நம்ம அம்மா "என் கால்ல இருந்தப்பவும் இதே அழகுதான்"ங்கற மாதிரி ஒண்ணு சொன்னாங்கன்னு கதை. வார்த்தைய ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க, அத விடுங்க. டச்சஸ் நெக்லஸ வின்ஸ்டன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டாங்க, எல்லாரும் சொல்ற விஷயம் அது.

இத வெள்ளக்காரங்க எழுதும்போது "செகண்ட் ஹேண்ட் நகை, அவமானம்"னு மட்டும் எழுதறாங்க. நம்ம ஊர்ல அது அத விட மோசம்ல? தங்கம் மகாலட்சுமி, கால்ல போடக்கூடாது, அதனாலதான் வெள்ளிக் கொலுசு. ராஜ வீட்டு பொம்பளைங்களுக்கு மட்டும்தான் அதுல விதிவிலக்கு. அப்படி கால்ல கிடந்த கல்ல ஒருத்தி கழுத்துல போட்டுட்டு சபையில நிக்கறான்னா, சொன்னவங்களுக்கு எவ்ளோ தெரிஞ்சே சொன்னாங்கன்னு நம்ம பாட்டிங்களுக்கு விளக்கவே வேணாம். டச்சஸுக்கு அதுல பாதிதான் புரிஞ்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். ஏன் தேடினா சிக்கமாட்டேங்குதுன்னா, அந்த அம்மாவே நகைகள அழிச்சு செஞ்சவங்க. பரோடா நகைங்க பழைய தர்பார் வேலை, க்ளோஸ்டு செட்டிங், பின்னாடி தகடு வச்சு மூடி, மேல பாலிஷ் மட்டும் போட்ட தட்டக் கல்லு. அந்தத் தகடு இருந்தாதான் கல்லுக்கு ஒளி. பாரிஸ்ல 1950 வாக்குல ஃபேஷன் வேற, பிளாட்டினத்துல சின்னச் சின்ன நகம் வச்சு கல்லப் புடிச்சு பின்பக்கம் தொறந்தே விடுவான், வெளிச்சம் உள்ள புகுந்து வரணும். இவங்க கல்லப் பொட்டில போட்டு எடுத்துட்டு வான் க்ளீஃப் அண்ட் ஆர்பெல்ஸ்ங்கற பாரிஸ் நகைக்கடைல போயி குடுத்து "இத வச்சு செய்"னு சொல்லுவாங்க. அப்படி 1950ல வந்ததுதான் அந்த ஹிந்து நெக்லஸ்ங்கறது, தாமரைப் பூ வரிசை, அதுலேர்ந்து பேரிக்கா வடிவத்துல கொலம்பியா மரகதம் சொட்டு சொட்டா தொங்கும், வைரம் கூடவே, ஜோடிக் கம்மல். படத்த பெருசு பண்ணிப் பாருங்க, வடிவம் நம்ம ஊரு அட்டிகை மாதிரி கழுத்த ஒட்டி ஒக்காருது, வேலை முழுக்க பாரிஸ் வேலை. கல்ல தாங்கற உலோகம் கண்ணுக்கே தெரியாது, அவ்ளோ சன்னம். நான் பார்த்த வரைக்கும் ரெண்டு ஊரு வேலையும் சண்ட போடாம நிக்கற நகை ரொம்ப கம்மி, இது அதுல ஒண்ணு.

ஆனா அந்த மரகதம் அதுக்கு முன்னாடி எந்த சர்ப்பேச்ல (தலைப்பாகைல குத்தற நகை) இருந்தது, எந்த வாள் புடியில இருந்ததுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. அது போச்சு.

சந்தேக_சிகாமணி

எல்லாரும் "அம்மா அம்மா"ன்னு உருகறீங்க. அது யாரு சொத்து?

ஏழு சர முத்து மாலை, ஸ்டார் ஆஃப் தி சவுத், இங்கிலீஷ் டிரெஸ்டன்ங்கற ரெண்டு பெரிய வைரமும் பதிச்ச மூணு சர வைர மாலை, முத்துக் கம்பளம், இதெல்லாம் பரோடா கஜானா நகை. அந்த ஸ்டார் ஆஃப் தி சவுத் 128.48 காரட், 1853ல பிரேசில்ல ஒரு அடிமைப் பொண்ணு கண்டெடுத்தது. அதையும் முத்தையும் சேர்த்தது அப்ப பரோடா ராஜாவா இருந்த கெய்க்வாட் கண்டேராவ், 1860கள்ல. பணம் யாரோடது? குஜராத் விவசாயி குடுத்த வரி. பரோடாவுல இலவச கட்டாயக் கல்வி கொண்டு வந்தது சயாஜிராவ் (குதிரை இல்ல, பிரதாப்சிங்கோட தாத்தா ராஜா), அம்பேத்கர படிக்க அமெரிக்கா அனுப்பினதும் அவர்தான். அதே கஜானா அவர் பேரன் கையில மொனாக்கோவுக்கு பெட்டில போச்சு. நகை அழகுதான், மறுக்கல, ஆனா "ரசனைக்காரி"ன்னு மட்டும் எழுதிட்டுப் போறது எனக்கு ஒத்துக்கல.

கார்த்திகா கேட்ட "ஏன் லிஸ்ட் இல்ல"ங்கறதுக்கு பதிலும் இதுலயேதான் இருக்கு. வாலிஸ் 1986ல செத்தாங்க, அடுத்த ஏப்ரல்லயே ஜெனீவால ஏலம், பேர் போட்டு, கேட்டலாக் போட்டு, ஏரிக்கரையில கூடாரம் போட்டு. 5 கோடி டாலர், எதிர்பார்த்தத விட பல மடங்கு, பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ங்கற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு போச்சு. எலிசபெத் டெய்லர் போன்ல கேட்டு ஒரு இறகு ப்ரூச் வாங்கினாங்க. அந்த ஏலத்துல போன, கார்டியர் நகைக்கடை செஞ்ச சிறுத்தை பிரேஸ்லெட் 2010ல திரும்ப வந்து 45 லட்சம் பவுண்டுக்கு போச்சு. அங்க பேருதான் வித்தது. இங்க பேர் சொன்னா "இது எங்க கஜானாலேர்ந்து வந்தது"ன்னு ஒருத்தன் கேப்பான். அதனால பணம் தேவைப்பட்டப்பல்லாம் சத்தமில்லாம, பேர் இல்லாம வித்தாங்க. பேர் இல்லாம வித்தா பாதி விலை, வாங்கினவனும் பிரிச்சு தன் இஷ்டத்துக்கு கட்டிக்குவான். அதோட தடம் முடிஞ்சுது.

பழையபேப்பர்_பரசு

சிகாமணி சார், நியாயம்தான், மறுக்கல. ஆனா கஜானா சாவி அவங்ககிட்ட இல்ல, மகாராஜாகிட்ட இருந்தது. நகை போனதுக்கு ரெண்டாம் தாரத்து பொம்பளைய சொல்லிட்டு, குடுத்தனுப்பின மனுஷன "குதிரைப் பிரியர்"னு விட்டுடறது எந்த ஊரு கணக்கு? அந்தக் காலத்துப் பத்திரிகையும் இதையேதான் பண்ணுச்சு. கடைசில அவங்களுக்கு ஒண்ணும் பெருசா கிடைக்கல. மகாராஜாவோட பொறந்த ஒரே மகன், பிரின்சின்னு கூப்பிடுவாங்க, 1985ல போயிட்டான், நாப்பது வயசு. இவங்க 1989ல பாரிஸ்ல. நடுவுல நகைய வித்துதான் வாழ்க்கை.

சந்தேக_சிகாமணி

மகாராஜாவ விடலையே, "அவர் பேரன் கையில"ன்னு தெளிவா எழுதியிருக்கேன், மேல போயி படிங்க 😀 மத்தது சரி.

கார்த்திகா_போரூர்

அடேங்கப்பா, இவ்ளோ வரும்னு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. அந்த கால்/கழுத்து விஷயம் படிச்சதும் எங்க அத்தைதான் ஞாபகம் வந்தாங்க, அவங்களும் இப்படித்தான் ஒரே வரில ஆள ஒக்கார வச்சிடுவாங்க.

பத்தர் தம்பி, ஒரு சந்தேகம். அந்த முத்து மாலையில ரெண்டு சரம் மட்டும் 70 லட்சம் டாலருக்கு போச்சுன்னு பார்த்தேன். முத்துக்கா?? எங்க வீட்டு ஹைதராபாத் முத்து செட்ட விக்கப் போனா கடைக்காரர் தங்கத்த மட்டும் எடை போட்டுட்டு முத்த கவர்ல போட்டு கையில குடுத்துட்டாரு.

பத்தர்வீட்டு_பையன்

அவரு செஞ்சது சரிதான் அக்கா, உங்களோடது வளர்ப்பு முத்து. சிப்பிக்குள்ள ஆளே எதையாவது வச்சு வளர விடறது. பரோடாது தானா விளைஞ்சது, பாரசீக வளைகுடா கடல்ல ஆள் மூச்ச புடிச்சு முங்கி எடுத்தது, நம்ம கடைத்தெருல பஸ்ரா முத்துன்னு சொல்லுவாங்க. கண்ணால பார்த்து எவனும் அடிச்சு சொல்ல முடியாது, எக்ஸ்ரே எடுக்கணும். உள்ள உருண்டை மணி தெரிஞ்சா வளர்த்தது, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா நடு வரைக்கும் போனா இயற்கை.

2007ல நியூயார்க் கிறிஸ்டிஸ் ஏலத்துல போனது 68 முத்து, ரெண்டு சரம், பழைய ஏழு சர மாலைலேர்ந்து இருக்கறதுலயே பெருசா பொறுக்கி கோத்தது. பெரிய முத்து 16 மில்லிமீட்டர். ஒரு முத்து அந்த சைஸ்ல கிடைக்கறதே அதிசயம், 68ம் ஒரே நிறம், ஒரே மாதிரி பளபளப்பு, வரிசையா சின்னதுலேர்ந்து பெருசுக்கு ஏறணும்னா எத்தன ஆயிரம் முத்த ஒதுக்கித் தள்ளியிருக்கணும் பாருங்க. முத்துல வேலைன்னாலே பொறுக்கறதுதான், பட்டை தீட்டி சரி பண்ணவே முடியாது. அதுனால அந்த மாலை ஒரு ஆயுசுல சேர்ந்ததில்ல, தலைமுறை தலைமுறையா சேர்ந்தது.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. 1917ல நியூயார்க்ல மெய்சி பிளாண்ட்னு ஒரு பணக்கார வீட்டம்மா, கார்டியர் கடையில ரெண்டு சர முத்து மாலைய பார்த்து ஆசப்பட்டாங்க, விலை 10 லட்சம் டாலர். வீட்டுக்காரரு ஐந்தாவது அவென்யூல இருந்த தன் மாளிகைய குடுத்து, மேல நூறு டாலர் வச்சு மாலைய வாங்கினாரு. இன்னிக்கும் கார்டியர் அந்தக் கட்டிடத்துலதான் இருக்கு. அந்த மாலை 1957ல ஏலத்துக்கு வந்தப்போ வெறும் 1,51,000 டாலர். ஜப்பான்காரன் வளர்ப்பு முத்த ஊருக்கெல்லாம் இறைச்சுட்டான், இயற்கை முத்துக்கு மதிப்பே இல்லாம போச்சு. கவனிங்க, கொலுசு பார்ட்டி நடந்த அதே 1957. அந்த நேரத்துல சீதா தேவி முத்த வித்திருந்தா ஒண்ணும் தேறியிருக்காது, மரகதத்தையும் வைரத்தையும் வித்தாங்க. தெரிஞ்சு பண்ணாங்களோ தெரியாம பண்ணாங்களோ, முத்து தங்குச்சு.

வளைகுடாவுல எண்ணெயும் வந்து முங்கற தொழிலே நின்னுபோச்சு, இனிமே புதுசா அப்படி ஒரு சரம் கோக்க முத்து வராது. அதான் விலை ஏறிடுச்சு.

வீட்டு முத்த மட்டும் பத்திரமா வைங்க, செண்ட் அடிச்சுட்டு அப்புறம் போடறது, பீரோல நாப்தலீன் உருண்டை பக்கத்துல வைக்கறது ரெண்டும் கூடாது. நூல் தளர்ந்தா பட்டு நூல்ல முடிச்சு போட்டு மறுபடி கோக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல முடிச்சு.

கார்த்திகா_போரூர்

நாப்தலீன் பக்கத்துலதான் இருக்கு, இப்பவே எடுக்கறேன் 🙈 அந்தக் கம்பளம் என்ன ஆச்சு, அதையும் சொல்லிடுங்க.

பழையபேப்பர்_பரசு

அதுதான் இந்தக் கூட்டத்துலயே உருப்படியா ஒரே துண்டா தப்பிச்சது. கண்டேராவ் 1865 வாக்குல செய்யச் சொன்னது, மதீனாவுல நபிகள் சமாதிக்கு காணிக்கையா அனுப்பணும்னு நேர்ந்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. இந்து ராஜா! அனுப்பறதுக்குள்ள 1870ல செத்துட்டாரு, கம்பளம் பரோடாவுலயே தங்கிடுச்சு. ரெண்டரை மீட்டர் நீளத்துக்கு கொஞ்சம் மேல இருக்கும், 15லேர்ந்து 20 லட்சம் குட்டி குட்டி முத்து, நடுவுல வைரம் பதிச்ச வட்டப் பூவு. கர்சன் நடத்தின 1902-03 டெல்லி கண்காட்சில வச்சிருந்தாங்க. பின்ன நம்ம மகாராணியோட மொனாக்கோ போச்சு. 2009ல தோஹாவுல சோத்பீஸ் ஏலம், 54 லட்சம் டாலர் சொச்சம். இப்ப கத்தார் தேசிய மியூசியத்துல இருக்கு. வளைகுடா முத்து பரோடா போயி, மொனாக்கோ போயி, திரும்ப வளைகுடாவுக்கே வந்திருக்கு.

ஸ்டார் ஆஃப் தி சவுத் 2002ல கார்டியர்கிட்ட போச்சு.

ரேஸ்கோர்ஸ்_மாமா

கம்பளத்துல ஒரு முத்து உதிர்ந்தா எப்படி தேடுவா?

பத்தர்வீட்டு_பையன்

மாமா, அது பட்டு மேல தோல் அடிமானம் வச்சு தைச்சது, லேசுல உதிராது.

கார்த்திகா_போரூர்

தோஹாவுல என் தம்பி வேல பாக்கறான், நாலு வருஷமா லீவு நாள்ல மால் மட்டும்தான் போறான். இந்த வெள்ளிக்கிழம அவன மியூசியத்துக்கு தொரத்தறேன். கிட்டப் போயி போட்டோ எடுக்க விட்டாங்கன்னா இங்க போடறேன், பத்தர் தம்பி தையல் எப்படின்னு பார்த்து சொல்லணும்.

பத்தர்வீட்டு_பையன்

ஓரத்த எடுக்கச் சொல்லுங்க அக்கா, நடுவுல இருக்கற வைரத்த எல்லாரும் எடுத்து வச்சிருக்காங்க. ஓரத்துல திரும்பற எடத்துலதான் தைச்சவன் கை தெரியும். ப்ளாஷ் வேணாம்.

சந்தேக_சிகாமணி

பக்கத்துல போர்டுல "யாரிடமிருந்து பெறப்பட்டது"ன்னு என்ன எழுதியிருக்குன்னும் ஒரு போட்டோ.